மாவுக்கட்டு

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் எல்லைப் புளியமரத்தடியில் வெள்ளை வேன் ஒன்று வந்து நிற்கும். குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலை அது. ஊரில் எல்லோருக்கும் அது ‘லெப்ரசி வண்டி’. காட்பாடிக்குப் பக்கத்தில், கரிகிரியில், 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையிலிருந்து வரும். மடக்கு மேசை ஒன்று, மாத்திரை டப்பாக்கள், நோயாளிகளின் அட்டைகளை அடுக்கிய மரப்பெட்டி, நாலைந்து எனாமல் பேசின்கள் இறங்கும். அந்தப் பேசின்களுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் என் அத்தை.

அப்பாவின் அக்கா அவள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். எட்டாவது வரை படித்திருந்ததால் பயிற்சி கொடுத்து டிரெஸ்ஸிங் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எழுபதுகளில், முழுப் பரீட்சை லீவு விட்டதும் அவளுக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து கொடுப்பது என் வேலை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அத்தை கேட்கவில்லை.

ஊரில் அவளைக் ‘கல்லு மனசுக்காரி’ என்பார்கள். வேனுக்கு வருகிறவர்களே அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். “உக்காரு. காலை வை.” அவ்வளவுதான் அவள் வரவேற்பு. பாதத்தைத் தண்ணீரில் நன்றாக ஊறவைப்பாள். ஊறியதும் காய்ப்பெல்லாம் வெளுத்து மெத்தென்று ஆகும். சொரசொரப்பான கல்லால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுவாள். கை இதையெல்லாம் பதமாகச் செய்துகொண்டிருக்கும்போதே வாய் திட்டிக்கொண்டிருக்கும்.

“இன்னா இது? முள்ளு ஏறி நாலு நாளாச்சு. நீ பாக்கவே இல்லியா?”

“வலிக்கல தாயி. அதான் தெர்ல.”

“வலிக்காதுன்னு உனுக்குத் தெரியுமில்ல? கண்ணு இருக்குதில்ல? படுக்கறதுக்கு முன்னாடி காலைத் திருப்பிப் பாருன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அவள் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வியாழக்கிழமை பாதம் சுத்தமாக இருந்தால் அவள் பாராட்டமாட்டாள். திட்டு இருக்காது, அவ்வளவுதான். அந்த மௌனத்துக்காக நாலு மைல் நடந்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்தத் திட்டுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி உதிர்ந்துவிடுவதாக ஊர் நம்பியது. மருத்துவர்களே வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்த பால் பிராண்ட், விரல்கள் ஏன் போகின்றன என்று ஒவ்வொரு புண்ணாகத் தேடிப் போனார். கிருமி நரம்பைத்தான் கெடுக்கிறது, விரலை அழிப்பது அன்றாடக் காயங்கள் என்று கண்டுபிடித்தார். கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார்கள், சுடுவது தெரிவதில்லை. ஆணி ஏறின காலோடு நாள் முழுக்க நடக்கிறார்கள். இரவில் தூங்கும்போது எலி வந்து விரலைக் கடிக்கிறது, விழிப்பு வருவதில்லை. வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்களாம். வலி இருப்பவன் நொண்டுவான். நொண்டுவதால் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். வலி இல்லாதவன் நேராக, கம்பீரமாக, புண்ணின்மேலேயே நடந்து போகிறான். எலும்பு வரை போய்விடுகிறது.

அதற்கு வேலூரில் கையாண்ட வைத்தியம் எளிமையானது, கொடூரமாகத் தெரிவது. முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டுவிடுவார்கள். உள்ளே பெரிதாக மருந்து எதுவும் கிடையாது. கால் சும்மா இருந்தால் அதுவே ஆறும். சும்மா இருக்கவைப்பதுதான் பாடு. அதற்கு என் அத்தையைப் போன்ற ஆள் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் அவளுக்கு நேரெதிர் தாத்தா. நாலு குழித்தறி வைத்திருந்தார், லுங்கி ஓடும். தறிக்கு வரும் கூலிக்காரர் யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார். பாவு போட்ட தறியில் சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தால் அது எழுந்து போகிறவரை நாடாவைத் தட்டமாட்டார். நல்லதங்காள் கதையைத் தெருக்கூத்தில் பார்த்தால் ஒரு வாரம் சோறு இறங்காது. கடன் கேட்டு வந்தவனிடம் ‘இல்லை’ என்று சொல்ல முடியாமல் பாட்டியின் வளையல்களையே அடகு வைத்தவர். ஊரில் அவரை ‘பச்சப் புள்ள மனசு’ என்பார்கள். எனக்கு உலகத்திலேயே பிரியமான மனிதர் அவர்தான். தார் சுற்றிக்கொண்டே அவர் மடியில் சாய்ந்து தூங்கிப்போன மத்தியானங்களின் கஞ்சி வாசனையும் நூல் வாசனையும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அத்தை வேனில் வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலம், தாத்தா கடைத்தெருவுக்குப் போய் ஒரு அலுமினியத் தட்டும் டம்ளரும் வாங்கி வந்தாராம். சமையலறைக்கு வெளியே, தாழ்வாரத்து மாடத்தில் வைத்தார். “தப்பா நெனைச்சுக்காத கண்ணு. கொழந்தைங்க இருக்கிற வீடு பாரு” என்று அழுதுகொண்டே சொன்னார் என்று பாட்டி எனக்குச் சொன்னாள். அத்தை ஒன்றும் பேசவில்லை. அன்று முதல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்தத் தட்டில் சாப்பிட்டாள். தானே கழுவி, தானே மாடத்தில் கவிழ்த்தாள். நான் பார்க்கத் தொடங்கியபோது அது நசுங்கி, ஓரம் வளைந்து, வீட்டின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டிருந்தது. சிறுவயதில் எனக்கு அதில் விபரீதம் எதுவும் தெரியவில்லை. அத்தையின் தட்டு அது, அவ்வளவுதான்.

பத்து வயதிருக்கும்போது என் தோளில் வெளிறிய தேமல் ஒன்று வந்தது. அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னாள். பஞ்சுத் திரியின் நுனியால் தொடுவாள். தொட்ட இடத்தை நான் விரலால் காட்டவேண்டும். மரத்தடியில் எத்தனையோ பேருக்கு அவள் இப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். நாலைந்து முறை தொடுவாள், முடிந்துவிடும். எனக்கு முடியவே இல்லை. நான் சரியாகக் காட்டக் காட்ட அவள் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “ஒண்ணுமில்ல, போய் வெளையாடு” என்று முதுகில் ஓர் அறை வைத்தாள். அது வலித்தது.

எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்கு நோய் வந்தது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். உறவு கிடையாது, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். தறி மிதித்து மிதித்து வலது பாதத்தில் ரூபாய் அளவுக்குப் புண். இருட்டின பிறகு எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக வந்து அத்தையிடம் கட்டு மாற்றிக்கொண்டு போவார். மாவுக்கட்டுப் போட்டே ஆகவேண்டும் என்றாள் அத்தை. தறி நின்றால் வீட்டில் அடுப்பு நிற்கும் என்று அவர் கெஞ்சினார். அவள் மசியவில்லை. போட்ட பிறகு, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவன்று கூட்டத்தோடு கூட்டமாக அவர் நடந்து போய்விட்டார். வைகாசி முதல் நாள், கௌண்டன்ய ஆற்றங்கரையே ஜனத்தில் மூழ்கியிருக்கும். எந்த மனுஷனுக்குத்தான் வீட்டுக்குள் இருக்கத் தோன்றும்? திரும்பி வந்தபோது கட்டு நெகிழ்ந்து உடைந்திருந்தது. அத்தை அவரைத் தெரு நடுவில் நிற்கவைத்து, ஊர் கேட்கத் திட்டினாள். யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததை அன்று தெருவே காதால் கேட்டது.

அந்த வருடமே அவர் பெண்ணுக்கு ஆம்பூர் பக்கமிருந்து வரன் வந்தது. எங்கள் வீட்டு அக்காபோலத்தான் அவள். எனக்குப் பேன் பார்த்து, சடை பின்னிவிட்டவள். மாப்பிள்ளையின் அப்பா விசாரித்துக்கொண்டு நேராகப் புளியமரத்தடிக்கே வந்துவிட்டார். “அந்த வூட்டுக்காரருக்கு அந்த நோவு இருக்குதாமே, நெசமா?” அத்தை கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். “இருக்குது. மாத்திரை சாப்புடுறாரு. இனிமே யாருக்கும் ஒட்டாது. பொண்ணை நானே பாத்திருக்கேன், ஒண்ணுமில்ல.” நான் பக்கத்தில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் முதல் வார்த்தையோடு கேட்பதை நிறுத்திவிட்டது எனக்கே தெரிந்தது. வரன் போயிற்று.

தாத்தா அன்று இரவு சாப்பிடவில்லை. “ஒரு பொய்யி சொல்லியிருந்தா இன்னாம்மா? ஒரு பொண்ணோட வாழ்க்கையாச்சே” என்று தாழ்வாரத்தைப் பார்த்துக் கேட்டார். “நாளைக்கி அங்கப் போனப்புறம் தெரிஞ்சா அடிச்சுத் தொரத்துவாங்க நைனா. அப்ப நீ அழுவ” என்றாள் அத்தை. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கச் சட்டமே இடம் கொடுத்த காலம் அது. அந்தப் பிரிவு நீங்கியது 2019இல்தான். அவள் சொன்னது உண்மை. ஆனாலும், இந்த வயதிலும், அத்தையின் பக்கம் முழுசாக நிற்க என்னால் முடியவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். நோயாளியின் விஷயம் உனக்கெதற்கு என்று அந்த ஆளை விரட்டியிருக்கலாம். அந்த அக்காவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகச் சில வருடங்கள் பிடித்தன. அதற்குப் பிறகும் அவள் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடுமை தன் வேலையைச் செய்யும்போது நடுவில் இருப்பவர்களையும் மிதித்துக்கொண்டுதான் போகிறது. அதை இல்லையென்று சொன்னால் அந்த அக்காவுக்கு நான் துரோகம் செய்கிறேன்.

ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் ஒன்று இருந்தது. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு தடவை ‘ரத்தக்கண்ணீர்’ வந்தது. 1954இல் வெளியான படம், ஆனால் எங்கள் பக்கத்தில் அது பழசானதே இல்லை. திருவாரூர் தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா ஊர் ஊராக நடித்துப் புகழ்பெற்ற நாடகம்தான் படமாயிற்று. தாயை உதைத்து, மனைவியை வெறுத்து, தாசி வீடே கதியென்று கிடக்கும் மோகனசுந்தரத்துக்குத் தொழுநோய் வருகிறது. அந்த முகத்தோடும் முடங்கிய கைகளோடும் ராதா பேசப் பேசக் கொட்டகை முழுக்கச் சிரித்தது, பிறகு விசும்பியது. தாத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தை என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கை அப்படி மடங்காது” என்று ஒரு முறை முணுமுணுத்தாள்.

ராதாவின் நடிப்புக்கு ஈடு இன்றுவரை நான் பார்க்கவில்லை. ஆனால் கிருமியால் வரும் நோயை, செய்த பாவத்துக்குக் கூலியாகத் தமிழ்நாட்டின் மனதில் அவ்வளவு ஆழமாக எழுதியதும் அந்தப் படம்தான். கிருமியை ஹான்சன் 1873இலேயே கண்டுபிடித்துவிட்டார். பெரும்பாலான மனிதர்களின் உடம்பு அதை இயல்பாகவே எதிர்த்துவிடும். மரத்தடிக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவர்கள். அவர்களைப் பார்த்து ஊர் “இன்னா பாவம் பண்ணினானோ” என்றது.

படம் விட்டதும் வாசலில் ஒருவர் தகர டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அதே நோய். அன்றைக்கு அங்கே உட்கார்ந்தால் சில்லறை நிறைய விழும் என்று தெரிந்து வந்திருப்பார். தாத்தாவின் கண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை. நாலணாவை எடுத்தார். தள்ளி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு டப்பாவை நோக்கி வீசினார். அது மண்ணில் விழுந்தது. என் தோளைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு நடந்தார். அவர் கை நடுங்கியது. அவரால் முடியவில்லை, உண்மையாகவே முடியவில்லை. திரையில் அழ முடிந்தது, ஏனென்றால் திரை நம்மைத் தொடாது.

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை அந்த மனிதர் எதிரில் குந்தியிருந்தாள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் பாதத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கால் எதையோ நெம்பி எடுத்தாள், ஒரு சீசாத் துண்டு. “எத்தினி நாளா இது உள்ள கீது? பாக்கமாட்டியா நீ? குருடா?” படம் பார்த்து வந்த கூட்டமெல்லாம் அவளை விநோதமாகப் பார்த்தது. கண்ணீர் காயாத முகங்கள் அத்தனையும் அவளைத்தான் கல்நெஞ்சக்காரியாகப் பார்த்தன. மண்ணில் விழுந்த நாலணாவை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, “வேழக்கெழமை புளியமரத்தாண்ட வா. வரலேன்னா தேடிவந்து ஒதைப்பேன்” என்று எழுந்து வந்தாள். அவர் வந்தார். கறுப்பு ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு ஒன்று அவருக்குக் கொடுத்தார்கள். அந்தச் செருப்பைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும் என்று பலபேர் போடமாட்டார்கள். அவரைப் போடவைக்க அத்தை பட்ட பாடு தனிக்கதை.

கல்லூரியில் புறநானூறு படித்தபோது எனக்குத் தாத்தா திரும்பக் கிடைத்தார். மயிலுக்குக் குளிருமென்று போர்வை கொடுத்த பேகனைப் பள்ளிக்கூடத்திலேயே எல்லோருக்கும் தெரியும். தாத்தாவுக்கு மிகப்பிடித்த கதை. சொல்லும்போதே தொண்டை அடைக்கும். அந்தப் பேகன் தன் மனைவி கண்ணகியைத் தனியே விட்டுவிட்டு வேறொருத்தியோடு வாழ்ந்தான் என்பதும், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய் அவளுக்காக வாதாடினார்கள் என்பதும் பள்ளியில் சொல்லித் தரப்படவில்லை. புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டு. பரிசில் வேண்டாம், அவளிடம் போ, அதுவே எங்களுக்குப் பரிசு என்கிறார்கள். பேகனின் இரக்கம் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆடும் மயிலுக்கு அவன் உண்மையாகவே உருகியிருப்பான். மயில் அவனிடம் எதையும் கேட்கவில்லை. வீட்டில் அழுகிறவள் கேட்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவன் ஏதாவது செய்தாக வேண்டும். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தைப் பார்க்காமல் கடந்துபோன மனிதரை நினைத்துக்கொண்டே அந்த ஐந்து பாட்டையும் படித்தேன்.

திருக்குறளில் அருளுடைமை துறவறவியலில் இருக்கிறது. கண்ணோட்டம் அங்கே இல்லை. அது பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில், வெருவந்த செய்யாமைக்குப் பின்னால் ஒற்றாடலுக்கு முன்னால் 58ஆம் அதிகாரமாக நிற்கிறது. மென்மையான உள்ளத்தைப் பேசுகிற பத்துக் குறளை அச்சுறுத்தலுக்கும் உளவுக்கும் நடுவில், வேலைக்களத்தில், வள்ளுவர் வைத்திருக்கிறார். அத்தையின் முக்காலி இருந்த இடமும் அதுதான் என்று எனக்குத் தோன்றும். இதை அவளிடம் சொன்னபோது அவள் குறளைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிராண்ட் டாக்டரின் அம்மாவைப்பற்றிச் சொன்னாள். கணவரை 1929இலேயே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள், மாட்டேன் என்று மலைக்கே போய்விட்டார். தள்ளாத வயதில் மட்டக்குதிரையில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போய், 1974இல், 95 வயதில் இறந்தார். “அந்தம்மாவும் ரொம்பத் திட்டுமாம்” என்றாள். அத்தை ஒருவரைப் பெருமையாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

1982இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு எல்லாம் மாறத் தொடங்கியது. காலமெல்லாம் டாப்சோன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, இத்தனை மாதம் என்று கணக்கு வந்தது. மரத்தடிக்கூட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. அத்தையும் ஓய்வு பெற்றாள்.

தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தது. ஒரு சித்திரை மத்தியானம் கோயில் பிராகாரத்துச் சுடுகல்லில் செருப்பில்லாமல் சுற்றி வந்திருக்கிறார். சாயங்காலம் பாட்டிதான் பார்த்தாள்: இரண்டு பாதமும் கொப்புளம். அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை நோயும் நரம்பை அப்படித்தான் அவிக்கும் என்று அதற்கு முன் எங்கள் யாருக்கும் தெரியாது. வலது காலில் கொப்புளம் உடைந்து புண்ணாகி, பெருவிரலுக்குக் கீழே குழி விழுந்தது. டவுன் டாக்டர் ஒருவர் பாதத்தை எடுத்துவிடலாம் என்றார். அத்தை பரணிலிருந்து எனாமல் பேசினை இறக்கினாள்.

தொழுநோயாளிகளுக்குச் செய்த அதே வைத்தியம்தான். ஊறவைப்பது, கல்லால் தேய்ப்பது, எண்ணெய், பிறகு மாவுக்கட்டு. தாத்தா குழந்தைபோல அழுவார். தன் காலைத் தானே பார்க்கமாட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். “பாரு நைனா. இங்க பாரு. நீ பாத்தாத்தான் நான் கட்டுவேன்” என்று அவர் தாடையைப் பிடித்துத் திருப்புவாள். கட்டோடு எழுந்து தறிப்பக்கம் போய்விட்டார் என்று ஊன்றுகோலைப் பிடுங்கிப் பூட்டி வைத்தாள். அக்கம்பக்கத்தில் “பெத்த அப்பன்கிட்டவே இவ்ளோ கல்லு மனசா” என்றார்கள். மாதங்கள் ஓடின. கட்டுப் பிரித்துப் பிரித்துப் போட்டதில் குழி மேலேறி, மூடி, புதுத்தோல் வந்தது.

கடைசிக் கட்டைப் பிரித்த அன்று நான் வீட்டில் இருந்தேன். தாத்தா தன் பாதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்வாரத்து மாடத்தைப் பார்த்தார்.

“கண்ணு, அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுடேன். உள்ள வந்து சாப்புடு.”

அத்தை எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“எனுக்கு அது பழகிப்போச்சு நைனா. காலை ஆட்டாத.”

தாத்தா மேலும் சில வருடங்கள் இருந்தார். மாரடைப்பில் போனபோது இரண்டு பாதமும் முழுசாக இருந்தன. அதுவரை தினமும் காலையும் மாலையும் அவர் காலைத் திருப்பிப் பார்த்து, கழுவி, துடைத்துவிட்டு, அவர் கண்ணெதிரில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்த அலுமினியத் தட்டில்தான் அத்தை சாப்பிட்டாள். அவருக்குப் பிறகும் அவள் அதை மாற்றவில்லை.